எந்தச் சுப்பிரமணியம்? நூற்பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலகங்களிலும் மின்னூலகங்களிலும் நூற்பட்டியல் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி பேச்சுப் போட்டிக்குக் குறிப்புக் கேட்டு வந்தாள். கொடுத்திருந்த தலைப்பு ஜி. சுப்பிரமணிய ஐயர். நான் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இப்படிப்பட்ட கிராக்கிகள் எனக்கு உண்டு. நான் வாயைத் திறக்குமுன் அவளே கைப்பேசியில் ஒரு மின்னூலகத்தின் ஆசிரியர் பக்கத்தை எடுத்து உரக்க வாசித்தாள். 1842-ல் பிறந்தார். 1878-ல் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். 1916-ல் மறைந்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "ஏன் தாத்தா, ஜட்ஜா இருந்துக்கிட்டே பேப்பரும் நடத்தலாமா?"

நடத்த முடியாதுதான். அந்தப் பக்கத்தில் இருந்தது இரண்டு பேர். தலை ஒருவருடையது, வால் இன்னொருவருடையது. தட்டச்சுப் பிழை என்றால் ஓர் எழுத்தோடு போயிருக்கும். இது யாரோ ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்து, 'ரெண்டும் ஒரே ஆள்தானே' என்று இரண்டு பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்த வேலை. எந்த மின்னூலகம் என்று சொல்ல மாட்டேன். அதே கதை பல இடங்களிலும் நடக்கிறது. அதனால்தான் மடலை ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த இருவரையும் பிரித்து வைத்துவிடுகிறேன்.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1855-ல் திருவையாற்றில் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமித்தபோது வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் கரித்துக் கொட்டின. பதில் சொல்ல நம்மவர் கையில் ஒரு தாள் இல்லையே என்று ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பரில் 'இந்து'வை 80 படிகள் அச்சடித்தார்கள். அதன் ஆசிரியர் இவர், வயது 23. பிறகு 1882-ல் 'சுதேசமித்திரன்'. 1889-ல், பம்பாயில் காங்கிரஸ் கூடியிருந்த நாட்களில், குழந்தையிலேயே விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். மேடையில் சீர்திருத்தம் பேசிவிட்டு வீட்டில் பஞ்சாங்கம் பார்த்தவர்கள் நிறைந்த காலம் அது. 1916-ல் மறைந்தார்.

எஸ். சுப்பிரமணிய ஐயர் இவருக்கு 13 வயது மூத்தவர். மதுரையில் வக்கீலாகப் பேர் வாங்கி, சென்னைக்கு வந்து, முத்துசாமி ஐயர் காலமானபின் 1895-ல் நீதிபதியானவர். கவனியுங்கள்: எந்த நாற்காலிக்காக முதல் சுப்பிரமணியம் பத்திரிகை தொடங்கினாரோ, அதே நாற்காலியில் இரண்டாவது சுப்பிரமணியம் போய் உட்கார்ந்தார். 1917-ல் அன்னி பெசன்ட்டைக் காவலில் வைத்தபோது இவர் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். லண்டனிலிருந்து கண்டனம் வந்தது. 'சர்' பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது வயது 75-ஐத் தாண்டியிருந்தது. மறைந்தது 1924 டிசம்பரில்.

குழப்பம் ஏன் வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரசுக்குச் சென்னையிலிருந்து போனவர்களில் இரண்டு பேரும் உண்டு. அந்த மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சுப்பிரமணிய ஐயர் என்று ஒரு பழைய புத்தகம் முதலெழுத்தை விட்டுவிட்டு எழுதினால் வாசிப்பவன் யாரை நினைப்பான்? (பத்திரிகைக்காரர்தான்.) அந்த ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் இரண்டு மனிதர்களுக்கு நடுவே இருக்கிற சுவர்.

இது இரண்டு பேரோடு முடிந்திருந்தால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். நம் விடுதலைப் போராட்டத்தின் தமிழ்ப் பக்கத்தைப் புரட்டினால் எங்கே கை வைத்தாலும் ஒரு சுப்பிரமணியம் தட்டுப்படுகிறார். அதிலும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் மூன்று மாதம் தற்காலிக வாத்தியாராக இருந்த எட்டயபுரத்துச் சுப்பிரமணியத்தை 'சுதேசமித்திரன்' உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டவர் திருவையாற்றுச் சுப்பிரமணியம். ஒரே அலுவலகம், ஒரே பெயர், ஆசிரியரும் உதவி ஆசிரியருமாக. பாரதி என்ற பட்டம் மட்டும் அந்தப் பையனுக்குக் கிடைக்காமல் போயிருந்தால் இன்று உங்கள் பட்டியல்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1908-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் திருநெல்வேலியில் வ.உ.சி.யோடு சேர்த்துச் சுப்பிரமணிய சிவாவுக்குத் தண்டனை. ஆகஸ்டில் ராஜத்துரோக வழக்கில் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது. அடுத்துத் தன் முறை என்று தெரிந்து சுப்பிரமணிய பாரதி புதுச்சேரிக்கு வண்டி ஏறினார். அதே சமயம் லண்டனில், பாரிஸ்டருக்குப் படிக்கப் போன இடத்தில், இந்தியா ஹவுசில் புரட்சிக்காரர்களோடு கூடிக்கொண்டிருந்தார் வரகனேரிச் சுப்பிரமணியம். அவர்தான் வ.வே.சு. ஐயர். அந்தச் 'சு.' சுப்பிரமணியம் என்பதே நம்மில் பாதிப் பேருக்கு நினைவில் இல்லை. 1910-ல் அவரும் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து பாரதியோடு சேர்ந்துகொண்டார். சிவா சிறையிலிருந்து வெளியே வந்து 'ஞானபாநு' நடத்தியபோது அதில் புதுச்சேரியிலிருந்தபடியே எழுதியவர் பாரதி. ஆக, ஒரு சுப்பிரமணியத்தின் பத்திரிகையில் வேலை பார்த்து, இன்னொரு சுப்பிரமணியத்தோடு நாடு கடந்து வாழ்ந்து, மூன்றாவது சுப்பிரமணியத்தின் பத்திரிகைக்கு எழுதிய சுப்பிரமணியம் அவர்.

முடிவும் அப்படித்தான். 1924 டிசம்பரில் நீதிபதி போனார். 1925 ஜூனில், பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்த வ.வே.சு. திரும்பவில்லை. ஜூலையில் பாப்பாரப்பட்டியில் சிவா, சிறை கொடுத்த தொழுநோயோடு. எட்டு மாதத்துக்குள் மூன்று சுப்பிரமணியங்கள். அந்தக் காலத்துப் பத்திரிகை இரங்கல் குறிப்புகளை யாராவது மின்வடிவில் ஏற்றும்போது, தலைப்பில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துத் தொகுத்தால் மூன்று சாவும் ஒரே ஆளின் பக்கத்தில் போய் விழும். நடக்காது என்று சொல்லாதீர்கள். பேச்சுப் போட்டிக்காரி கையில் நான் பார்த்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டல் வேறு இருக்கிறது. சுப்பிரமணியம், சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்ரமண்யம், ஸுப்ரஹ்மண்யம். ஐந்தும் ஒரே ஆளாக இருக்கலாம். ஒன்றே ஐந்து ஆளாகவும் இருக்கலாம். தேடுபொறிக்கு இது புரியாது. ஆகவே அது சேர்க்க வேண்டியதைப் பிரித்து வைக்கிறது, பிரிக்க வேண்டியதைச் சேர்த்து வைக்கிறது.

முதலெழுத்து இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். சி. சுப்பிரமணிய பாரதியின் 'சி.' அப்பா சின்னசாமி ஐயர். சி. சுப்பிரமணியத்தின் 'சி.' சிதம்பரம். 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்கிப் பசுமைப் புரட்சிக்கு வழி திறந்த மத்திய மந்திரி, 1998-ல் பாரத ரத்னா வாங்கிய அதே சி.எஸ். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இருவருக்கும் ஒரே 'சி.'தான். அதற்கு நேர்மாறாக 'எஸ்.' என்ற எழுத்து ஒரு மூட்டை. அதற்குள் சங்கரன் இருக்கலாம், சுந்தரம் இருக்கலாம், ஷண்முகம் இருக்கலாம். நீதிபதியின் 'எஸ்.' அப்பா சுப்பையரைக் குறிப்பது. தமிழ் முதலெழுத்தாக மாற்றினால் 'சு.' ஆகும், ஜி. சுப்பிரமணிய ஐயர் அப்பா கணபதியின் பெயரால் 'க.' ஆவார். அப்பா பெயர் தெரியாமல் எழுத்தை மட்டும் பெயர்த்தால் 'ஜி' என்றே நிற்கும். ஒருவரே இரண்டு பெட்டியில் கிடப்பார்.

இதையெல்லாம் விட மோசம், படிவத்தில் இருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு கட்டங்கள். அந்தக் கட்டங்களை வரைந்தவனுக்கு நம் பெயர் வைக்கும் முறை தெரியாது. நட்சத்திரங்களின் ஆய்வுக்காக 1983-ல் நோபல் வாங்கிய சந்திரசேகரை உலகம் முழுக்க 'சுப்பிரமணியன் சந்திரசேகர்' என்கிறார்கள். சுப்பிரமணியன் அவர் அப்பா. அப்பாவை மகனின் முதல் பெயராக்கிவிட்டது அந்தக் கட்டம். கடைசிப் பெயர் கட்டத்தில் 'ஐயர்' என்று போட்டு நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி நிரப்பிய பட்டியலில் பத்திரிகைக்காரர், நீதிபதி, வ.வே.சு., பாட்டுக்கார முசிறி, ஏடு தேடிய உ.வே.சா. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

பாட்டுக்காரர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கச்சேரி உலகத்தில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. முசிறி சுப்பிரமணிய ஐயர் என்றால் முசிறிதான். பாதிப் பேர் ஆளையே ஊர்ப் பெயரால் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்களும் ஓரிடத்தில் இடறுவார்கள். மதுரை மணி ஐயரின் சொந்தப் பெயர் சுப்பிரமணியன். மதுரையில் வக்கீல் தொழில் பார்த்த நம் நீதிபதியையும் ஊரார் மணி ஐயர் என்றுதான் அழைத்தார்கள். ஆக மதுரையோடு தொடர்புள்ள மணி ஐயர்கள் இரண்டு, இரண்டும் சுப்பிரமணியம். 1912-ல் பிறந்தவர் என்ற ஒரு குறிப்பு பக்கத்தில் இருந்தால் போதும், பாடகரை யாரும் நீதிமன்றத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

நான் கேட்கப் போவது புதிதாக ஒன்றும் இல்லை. நம்மிடமே இருந்தது. புறநானூற்றைத் திறந்து பாட்டை விட்டுவிட்டுப் பாடியவர் பெயரை மட்டும் வாசியுங்கள். சாத்தன் என்பது அன்றைக்கு இன்றைய சுப்பிரமணியம் போல மலிந்த பெயர். ஒக்கூர் மாசாத்தனார். ஆடுதுறை மாசாத்தனார். உறையூர் முதுகண்ணன் சாத்தனார். பெருந்தலைச் சாத்தனார். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஒருவருக்கு ஊர், ஒருவருக்கு ஊரோடு இன்னொரு பெயர், ஒருவருக்கு நாணயம் பார்க்கும் தொழில், ஒருவருக்குத் தானிய வியாபாரம். தொகுத்தவன் பாட்டை மட்டும் சேர்க்கவில்லை, ஆளையும் பிரித்து வைத்தான். கையில் ஓலை, ஒவ்வோர் எழுத்தையும் கீற வேண்டும். இருந்தும் 'சாத்தன்' என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகவில்லை. நம்மிடம் இடத்துக்குப் பஞ்சமே இல்லாத கணினி இருக்கிறது.

பெயருக்கு முன் நிற்கும் அந்த அடைமொழி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஔவை சாட்சி. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும் ஆத்திசூடி எழுதியவரும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். பிரித்துக் காட்ட ஊரும் இல்லை, தந்தை பெயரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து கோலூன்றிய ஒரே பாட்டியானார்கள். அது எப்படி இத்தனை நூறாண்டு வாழ்ந்தாள் என்று கேட்டால் பதிலும் தயார்: நெல்லிக்கனி தின்றாளே! பிழையான பட்டியலுக்கு ஊரே சேர்ந்து அடிக்குறிப்பு எழுதிய கதை இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1878-ஐயும் 1917-ஐயும் பற்றி இப்படி ஒரு கதை கட்டும் நிலைமை வர வேண்டாம்.

இப்போது மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரையும் வ.வே.சு.வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரை, கணக்காயனார், நக்கீரனார். வரகனேரி, வேங்கடேச, சுப்பிரமணியம். ஊர், தகப்பன், தான். அச்சு மாறவே இல்லை. புள்ளி வைத்துச் சுருக்கினோம், அவ்வளவே. இன்னொருவரும் இதே வரிசையில்தான் நிற்கிறார். சீர்காழி ராமாமிருதம் ரங்கநாதன். உங்கள் தொழிலுக்குத் தகப்பன் மாதிரியான எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்கிறேன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அந்தப் பெண்ணின் ஒரு சாயங்காலத்தை உங்கள் ஒரு பக்கம் தின்றது. நான் வீட்டில் இல்லாமல் போயிருந்தால் மேடையில் போய் அதையே முழங்கியிருப்பாள், நடுவர் கைதட்டியிருப்பார்.

நூலகங்களில் நூற்பட்டியல் அட்டைகளை அடுக்கி வைத்த பழைய பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பித்தளைக் கைப்பிடி, உள்ளே அட்டைகளின் அடி ஓட்டை வழியாக ஓடும் கம்பி, விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்த அட்டைகள். அவற்றில் 'ஷெல்லிதாசன்: பாரதி, சுப்பிரமணிய, பார்க்க' என்பது போல ஒற்றை வரி அட்டைகள் இருக்கும். புத்தகமே இல்லாத அட்டை. ஒருவர் வேறு பெயரில் எழுதியதைச் சொல்வதற்காக மட்டும் ஓர் அட்டை. நூலகர் அதை மெனக்கெட்டு எழுதி அகரவரிசையில் செருகினார். கணினி வந்தபோது புத்தகம் உள்ள அட்டைகளை மட்டும் ஏற்றிவிட்டு இவற்றைப் பழைய காகிதத்துக்குப் போட்ட இடங்களும் உண்டு. அதில்தான் பாதி அறிவு இருந்தது.

சாதிப் பின்னொட்டைப் பற்றியும் பேசிவிட வேண்டும். 2021-ல் பாடநூல்களில் அவற்றை எடுத்தபோது உ.வே. சாமிநாத ஐயர் உ.வே. சாமிநாதர் ஆனார். எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை; என் வகுப்பிலும் நான் அதைச் சொன்னதில்லை. ஆனால் வால் ஒரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. ஐயர், சிவா, பாரதி என்று மூன்று சுப்பிரமணியங்களை அது பிரித்தது. அதை அறுத்துவிட்டு வெறுமனே விட்டால் ஐயர்கள் அத்தனை பேரும் ஓர் ஆங்கில எழுத்தை நம்பி நிற்பார்கள். எடுத்த இடத்தில் ஊரை வையுங்கள். திருவையாறு சுப்பிரமணியம் என்று சொல்லிப் பாருங்கள், ஐயரை விட நன்றாகவே இருக்கிறது. யாராவது அதற்கும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஆகவே நண்பர்களே, பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டு பதிவுகளைச் சேர்க்காதீர்கள். தெரியாவிட்டால் இரண்டாகவே கிடக்கட்டும்; பிரிந்து கிடப்பதை நாளைக்கு ஒருவர் சேர்த்துவிடுவார், சேர்த்துக் குழப்பியதைப் பிரிக்க ஆள் கிடைக்காது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் போடுங்கள். ஊர் தெரிந்தால் ஊர். முதலெழுத்தின் விரிவு தெரிந்தால் அதையும். புத்தகத்தின் முன்னுரையில், பதிப்புரையில், சில சமயம் பின்னட்டையிலேயே இவை இருக்கும். ஐந்து நிமிட வேலை. வேறு எழுத்துக்கூட்டல்களையும் புனைபெயர்களையும் அந்த ஒரே ஆளிடம் கொண்டுபோய் விடும் 'பார்க்க' குறிப்புகளையும் மறக்காதீர்கள்.

இதில் எனக்கென்ன இத்தனை வேகம் என்று கேட்பீர்கள். எனக்கும் அதே பெயர். நான் படித்த வகுப்பில் நாங்கள் நாலு சுப்பிரமணியன்கள், அதில் இருவருக்கு முதலெழுத்தும் ஒன்று. வருகைப் பதிவேட்டில் வாத்தியார் "எம். சுப்பிரமணியன்" என்றதும் இரண்டு குரல் எழும். ஒரு தடவை நான் வராத நாளில் அவன் எனக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டான். நான் வந்த நாளில் அவன் வாங்க வேண்டிய அடியை நான் வாங்கினேன். அதற்குப் பிறகு வாத்தியாரே பதிவேட்டில் பென்சிலால் ஒருவன் பெயருக்கு மேல் 'மேலத்தெரு' என்றும் என் பெயருக்கு மேல் 'சைக்கிள்கடை' என்றும் குறித்துக்கொண்டார். அப்பா அந்த ஊரில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். அன்றிலிருந்து யார் அடியும் யாருக்கும் விழவில்லை.

அந்தப் பக்கத்தைத் திருத்தப் போகிறவர்களுக்கு வசதியாக இரண்டு அட்டைகளையும் எழுதியே தருகிறேன், அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். சுப்பிரமணிய ஐயர், ஜி., திருவையாறு, 1855–1916, பத்திரிகையாளர். சுப்பிரமணிய ஐயர், எஸ்., மதுரை, 1842–1924, நீதிபதி. மணி ஐயர் என்றும் பெயர்.

இப்படிக்கு,
சைக்கிள்கடைக்காரர் மகன் சுப்பிரமணியன்